நல்லெண்ணெய் ஊசி போட்ட ஆறு எலிகள்

மகாதேவியின் ஆராய்ச்சி பன்னிரண்டு பெண் எலிகளை நம்பியிருந்தது. பதற்றத்தில் உடலில் சுரக்கும் ஓமோன் கருத்தரிப்பை எப்படிக் கெடுக்கிறது என்பதே கேள்வி. ஆறு எலிகளுக்கு அந்த ஓமோனை நல்லெண்ணெயில் கலந்து ஊசி போட்டாள். மற்ற ஆறுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நல்லெண்ணெய். போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. காலை வெயில் யன்னலில் விழும் நேரம் பார்த்து, நுணுக்குக்காட்டியின் கண்ணாடியைத் திருப்பி வைத்துத்தான் எலிகளின் சினைச் சுழற்சியைக் கவனிப்பாள்.

ஓமோன் ஏறியவற்றின் சுழற்சி நின்றது. அது எதிர்பார்த்ததுதான். நான்கு நாளைக்கொருமுறை ஒழுங்காகச் சுழன்றுவந்த மற்ற ஆறும் ஒவ்வொன்றாக நின்றபோதுதான் அவளுக்குத் தலை சுற்றியது.

“ஊசியை மாறிக் குத்திப்போட்டீரோ?” என்று கேட்டார் பேராசிரியர் சோமசேகரம்.

“இல்லை சேர்.” சொல்லிவிட்டு, ஊசி போட்ட குறிப்புகளைத் திரும்பவும் புரட்டினாள்.

மனம் கேளாமல் ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். எலி அறைக் கதவைத் திறந்தால், கூடுகளின் மேல் கொழுத்த கடுவன் பூனையொன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. கீழே எலிகள் மூலைக்கு மூலை ஒடுங்கிக் கிடந்தன.

“ஏரம்பண்ணை!”

எலிகளைப் பராமரிக்கும் ஏரம்பு ஓடிவந்தார். “ஐயோ பிள்ளை, உவன் ஒண்டும் செய்யமாட்டான். வெளி எலியள் வந்து எங்கடை எலியளின்ரை தீனைத் திண்டுபோட்டுப் போகுது. அதுதான் புத்தூரிலை இருந்து கொண்டுவந்தனான். நீங்கள் வாற நாளிலை, வாறதுக்கு முன்னம் வெளியிலை விட்டிடுவன்.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு கிழமை இருக்கும்.”

திட்டத்தான் வாயெடுத்தாள், சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணை, நான் ஊசி போட்டுச் செய்த வேலையை உவன் படுத்துக்கொண்டே செய்துபோட்டான்! பயந்தால் அந்த ஓமோன் எலியின்ரை உடம்பிலை தானாய்ச் சுரக்கும்.”

“அப்ப எலிக்கும் எங்களைப்போலை பயமும் யோசினையும் பிடிக்குமோ?”

“ஓம். பிடிச்சால் பிள்ளையும் தங்காது.”

ஏரம்புவின் முகம் வாடிப்போயிற்று. அன்றே பூனையைப் பெட்டியில் வைத்துப் புத்தூருக்குக் கொண்டுபோனார். கதையைக் கேட்ட சோமசேகரமோ மேசையில் தட்டிச் சிரித்தார். “நல்லதாய்ப் போச்சு. அடுத்தமுறை ஊசியில்லாமல், பூனையைக் காட்டுறதுக்கெண்டு இன்னொரு ஆறு எலி வையும்.”

பத்து நாளில் நல்லெண்ணெய் எலிகள் ஆறும் பழையபடி சுழற்சிக்குத் திரும்பின. அவற்றில் ஒன்றை ஆண் எலியோடு விட்டாள். மாதம் ஒன்று போகமுன், ஒரு காலை ஏரம்பு அவள் வீட்டு வாசலில் சைக்கிள் மணியை விடாமல் அடித்தார்.

“பதினொண்டு, பிள்ளை! தாயும் சுகம்!”

ஈரத் தலையோடே அவள் ஓடினாள். கூட்டுக்குள் குனிந்து எண்ணினாள். தாயின் வயிற்றுக்கடியில் இன்னொன்று கிடந்தது.

“பன்னிரண்டு, அண்ணை!”


ஏரம்பு நம்பாமல் தானும் குனிந்து, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.