காலி நாற்காலியில் உட்காருபவள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மலேசியாவில் திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஊக்கப்படுத்தும் தன்முனைப்பு முகாம் ஒன்றில் பரிசு கொடுக்க அழைத்திருந்தார்கள். அங்கே ஓர் ஆசிரியை ஒலிவாங்கியைப் பிடித்தபடி பேச்சு வராமல் நின்றார். எனக்கு வேறு கூட்டம் இருந்தது, கிளம்பிவிட்டேன். பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. ரூபினி என்று பெயர் வைத்ததும் நான்தான். அவரைக் கேட்காமல் வைத்தேன். அந்தக் கூச்சம் கதை முடியும்வரை கூடவே வரும்.

2

ரூபினி பிறந்த அன்று ரப்பர் தோட்டத்தில் நல்ல மழை...

(வேண்டாம். தோட்டம் என்றதும் மழையைக் கூட்டி வரும் கை இது.)

சிறுமியாக இருந்தபோது ரூபினியும் இப்படியொரு முகாமுக்குப் போனாள். கடைசி நாள் பாத பூசை. பெற்றோர் நாற்காலியில் உட்காருவார்கள். பிள்ளைகள் அவர்கள் பாதங்களைத் தட்டில் வைத்துக் கழுவ வேண்டும். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தி, சோகமாக வயலினை ஓடவிடுவார்கள். அழுகை வராத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அழும்.

ரூபினியின் நாற்காலி காலி. அம்மா நவமணிக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை. வரவில்லை. தொண்டூழியராக வந்திருந்த நளினி அக்கா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்தாள்.

"கழுவும்மா. கிச்சுக்கிச்சு மட்டும் மூட்டாத, சிரிச்சிருவேன்."

காலி நாற்காலியைக் கண்டால் தயங்காமல் போய் உட்காருகிறவளாகத் தானும் ஆக வேண்டும் என்று ரூபினி அன்றே நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில்தான் அப்படிப்பட்ட நாற்காலிகள் அதிகம் என்று தெரிந்தபின் ஆசிரியையானாள்.

இதை இப்போது ஒவ்வொரு முகாமிலும் மேடையில் சொல்கிறாள். "எங்கம்மா வரல, பிள்ளைங்களா" என்னுமிடத்தில் குரலைத் தாழ்த்துவாள். எங்கே தாழ்த்தினால் மண்டபம் அழும் என்று அவளுக்குத் தெரியும். (எனக்கும் தெரியும். ஒரே தொழில்தான்.)

3

நான் பரிசு கொடுக்கப் போன அன்று நவமணியும் வந்திருந்தார். முகாம் முடிந்து இருவரும் பண்டார் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக ஏற்பாடு. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் பேச்சை முதன்முறையாகக் கேட்டார்.

(இங்கே நவமணியின் வெடித்த பாதங்களைப் பற்றி எழுதி அடித்துவிட்டேன். வெடிப்பைக் காட்டினால் நீங்கள் சீக்கிரம் கலங்குவீர்கள் என்று எழுதியது.)

தேநீர் இடைவேளையில் ரூபினி அம்மாவிடம் வந்தாள்.

"எப்படிம்மா பேசினேன்?"

"நல்லாத்தான் பேசுற. நா வரலன்னு ஊரு பூரா சொல்லிட்டு வர்றியா?"

"ஐயோ, கொறையா சொல்லல லா. உங்களுக்கு அன்னைக்கு ஷிப்ட்டுதானே..."

"வந்தேன்டி."

ரூபினியின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"ஃபேக்டரி பஸ்ஸு லேட்டு. வந்து கதவ லேசா தொறந்தேன். நீ அந்தப் பொண்ணு கால புடிச்சிட்டு அப்படி அழுவுற. நா உள்ள வந்தா அது எந்திரிக்கணும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எதுக்கு? சாத்திட்டுப் போய்ட்டேன்."

"அப்ப ஏன் ஷிப்ட்டுன்னு சொன்னீங்க?"

"பின்ன என்னத்த சொல்றது? மொத நாளே கால் நகத்துக்கெல்லாம் செவப்பு கியூடெக்ஸ் போட்டு வச்சிருந்தேன். பஸ்ஸுல ஒரே கிண்டலு. மாப்ள பாக்க வர்றாங்களாக்கான்னு கேட்டாளுங்க." நவமணி சிரித்தார். "டீயக் குடி, ஆறிப்போவுது."

4

ரூபினி கணக்குப் போட்டாள். எத்தனை மண்டபங்களில் அம்மாவை வராமலே வைத்திருக்கிறாள். யாரும் வராததால்தானே அவள் ஆசிரியையானாள். வந்திருந்தார் என்றால், அவள்...

அதைவிடக் கேவலமாக இருந்தது வேறொன்று. அம்மா வந்திருந்தார் என்று கேட்டதும் மனத்தில் முதலில் ஓடியது, இனி மேடையில் என்ன சொல்வது என்ற கவலைதான்.

(அவளை மட்டும் சொல்வானேன்? கியூடெக்ஸ் என்று எழுதிய உடனே எனக்கு, அப்பாடா, கதை தேறிவிட்டது என்றிருந்தது.)

5

பாத பூசை தொடங்கியது. விளக்கு, கதவு, வயலின். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி. எதிரே காலி நாற்காலி. வழக்கமாக அங்கே போய் உட்காருபவள் ரூபினிதான். இன்று ஒலிவாங்கியோடு நின்றுவிட்டாள். உட்கார்ந்தால், யாரோ ஒருத்தி கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம். உட்காராவிட்டால், அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் இப்படியே தனியாக இருக்கும்.

நான் பார்த்தது அவள் நின்றதுவரைதான். முதலில் எழுதிய முடிவு: ரூபினி உட்காருகிறாள்.

இன்னொன்று: நவமணி வந்து உட்காருகிறார், கால் நகங்களில் சிவப்பு... அடித்துவிட்டேன். அழவைக்கவென்றே செய்த முடிவு.

கடைசியாக எழுதியது இது. பின்னாலிருந்து நவமணி எழுந்தார்.

"கதவ எதுக்குச் சாத்தி வைக்கிறீங்க? வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?"

சொல்லிக்கொண்டே அகலத் திறந்துவிட்டார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் கண் கூசி நிறுத்தினார்கள். யாரோ வயலினை அணைத்தார்கள். ரூபினி போய்ச் சிறுமியின் பக்கத்தில், தரையில், உட்கார்ந்தாள். நாற்காலி காலியாகவே இருந்தது. இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

வெளியே யாரோ வருவதாக என்னால் எழுத முடியும். ஒரு சிவப்பு நகம் போதும். வெட்கமாக இருக்கிறது, எழுதவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். தட்டில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.