ஓக் மரத்தில் அடித்த ஆணி

அந்த ஓக் மரத்துக்குள் நாலு அங்குல இரும்பாணி ஒன்று இருந்தது. அடித்தவன் நான். எனக்கும் மனைவி பாலாம்பிகைக்கும் தவிர லண்டனில் ஒருவருக்கும் அது தெரியாது.

எண்பத்தாறில் அடித்தது. அதற்கு முந்தின வருடம் எங்கள் மகள் அருள்மலர் ஊரிலிருந்து தனியாக எங்களிடம் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. கொழும்புக்கு வரும் வழியில் அவள் வந்த பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்குள் காலை வைத்ததோடு வாயை மூடிவிட்டாள். ஏழு மாதம். டாக்டர் குளிசை கொடுத்தார். நான் டாக்டர்மாரை நம்புகிறவன் இல்லை. மந்திரிக்கிறவனையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் பக்கத்தில் சட்டன் என்கிற ஊரில் ஒருவர் நூல் கட்டுகிறார் என்று மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்குப் பின்னால் ஒன்று வந்திருக்கிறது, அவளுடைய தலைமயிரை இரும்பாணியில் சுற்றி ஒரு மரத்தில் அடி, ஆணி உள்ளே இருக்கும்வரை அது மரத்தை விட்டு இறங்காது என்றார் அந்த ஆள். ஊரில் புளியமரத்தில் இப்படி அடிப்பார்கள். இங்கே புளியமரத்துக்கு நான் எங்கே போக?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கவுன்சில் பார்க். அதில் பெரிய ஓக் ஒன்று. நெஞ்சு உயரத்தில் பட்டை புடைத்த ஒரு முண்டு, முட்டியளவு. அதற்குக் கீழே ஒரு சாண் விட்டு அடித்தேன். தலையும் தெரியாமல் பட்டைக்குள் இறக்கி மேலே மண் பூசினேன். பதினோராம் நாள் அருள்மலர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, உப்புக் காணாது" என்றாள். பாலாம்பிகை குசினிக்குள் போய் நின்று அழுதாள். அதற்குப் பிறகு பிள்ளை கொலேஜுக்குப் போனாள், சிரித்தாள், சண்டை பிடித்தாள். நானும் மரத்தைத் தினம் ஜன்னலால் பார்த்துக்கொள்வேன்.

எண்பத்தேழு ஒக்டோபரில் அந்தப் பெரிய காற்று அடித்தது. காலையில் பார்த்தால் ஓக் வேரோடு கிடக்கிறது. வேர் வீட்டுச் சுவர் உயரம் நிற்கிறது.

"இஞ்சாருங்கோ, இனி என்ன செய்யிறது?" என்றாள் மனைவி.

"மரம் விழுந்தால் ஆணி விழுந்ததே? அது உள்ளுக்குத்தான் கிடக்கு" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பவும் ஜன்னலடிக்குப் போனேன்.

பார்க்கில் வேலை செய்கிற குருமூர்த்தி எங்கள் தெருக்காரன். காலையில் அவன் காதில் விழுவது மத்தியானத்துக்குள் நோர்பரி முழுக்கத் தெரிந்துவிடும். அவன்தான் வந்து சொன்னான்.

"அண்ணை, விழுந்த மரத்தையெல்லாம் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் வந்து பலகை அரியப் போறான். கையுதவிக்கு ஆள் தேடுறான். நீங்கள் ஊரில மரக்காலையில நிண்டனீங்கள்தானே?"

போகாமல் என்ன செய்வது? என் மரத்தை வேறொருத்தன் அரிய விட்டுவிட்டு நான் ஜன்னலடியில் நிற்பதா?

ஸ்கொட்லாந்துக்காரனின் பெயர் மேர்டோ. செம்மயிர், பெரிய கை, குறைந்த பேச்சு. அவனுடைய ஊர் ஸ்கொட்லாந்துக்கும் அப்பால் கடலுக்குள் ஒரு தீவாம். அங்கே மரம் முளைக்காதாம், காற்று விடாதாம். கடல் கொண்டுவந்து கரையில் போடுகிற கட்டைகளை அரிந்துதான் வீடும் படகும் செய்வார்களாம். பார்க் நடுவில் அவன் பூட்டியிருந்த வாளைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றேன். நாலடி வட்டவாள். ட்ரக்டரிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. மரத்தை ஒரு தள்ளுவண்டியில் இறுக்கி, தண்டவாளத்தில் வாளுக்குள் தள்ளுவது. வாளின் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகியவை. ஊரில் நான் மரம் அரிந்த மரக்காலையிலும் இதே வாள்தான்.

அந்த மரக்காலையில் யாக்கோப்பு என்று ஒருத்தன் எங்களோடு நின்றான். வாளுக்குப் பின்பக்கம் நின்று பலகை வாங்குகிறவன். ஒருநாள் வேப்பங்குற்றி ஒன்றுக்குள் யாரோ எப்போதோ அடித்த கொளுக்கி இருந்தது. வாள் அதில் பட்டு ஒரு பல் கழன்றது. கழன்றதை ஒருவரும் காணவில்லை. யாக்கோப்பு கழுத்தைப் பொத்திக்கொண்டு மரத்தூளில் குந்தியிருந்தான். அவ்வளவுதான் கண்டோம். தூள் கறுப்பாக நனைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை.

மேர்டோவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குற்றியையும் வண்டியில் ஏற்றியதும் வேலையை நிறுத்துவான். ஏற்றினவன் குற்றியில் உள்ளங்கையை வைத்து "கிளீன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் வாள் ஓடும். கடல் கொண்டுவரும் கட்டைக்குள் கப்பல் ஆணியெல்லாம் இருக்குமாம். அதனால் கண்டெடுத்தவன் பார்த்துச் சோதித்துக் கைவைத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் தீவில் கட்டாயம்.

"கோயில்ல சத்தியம் பண்ணுற மாதிரிக் கிடக்கண்ணை" என்று குருமூர்த்தி சிரித்தான். "எங்கட ஆக்கள் கையும் வைப்பினம், பொய்யும் சொல்லுவினம் எண்டு உவனுக்குத் தெரியாது."

மூன்று நாள் மற்ற மரங்களை அரிந்தோம். கைவைத்தேன், கிளீன் சொன்னேன். நாலாம் நாள் என்னுடைய ஓக்கை மூன்று துண்டாக வெட்டினார்கள். முண்டு உள்ள துண்டுதான் அடித்துண்டு. மேர்டோ அதைத் தடவித் தடவிப் பார்த்தான். தீவுக்குக் கொண்டுபோய்ப் படகுக்கு வைக்கப் போகிறானாம்.

"குருமூர்த்தி, உது உள்ளுக்கு உளுத்துப் போச்செண்டு சொல்லு. விறகுக்குப் போடச் சொல்லு."

குருமூர்த்தி சொன்னான். மேர்டோ கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினான். கோயில் மணி மாதிரிக் கேட்டது.

"உங்களுக்குத்தான் உளுத்துப் போச்சாம் அண்ணை!"

சிரிக்க முடியவில்லை. சொன்னால் ஆணியைத் தோண்டி எடுப்பான். எடுத்தால் பிள்ளை மறுபடி வாய் மூடிவிடுவாள். சொல்லாவிட்டால் வாள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு புத்தி வந்தது. முண்டுப் பக்கம் வாளுக்கு மறுபக்கம் இருக்கும்படி குற்றியைப் புரட்டி வைத்தேன். வாள் ஒவ்வொரு பக்கமாகத்தான் அரியும். மற்ற மூன்று பக்கமும் முடிந்த பிறகு, முண்டுள்ள அந்தக் கடைசிப் பட்டைத்துண்டை, வீட்டில் இருக்க ஒரு வாங்கு செய்ய வேண்டும் என்று கேட்டு எடுத்துவிடலாம். ஆணியும் உள்ளே இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

மேர்டோ என்னைப் பார்த்தான். நான் கையை வைத்தேன். பட்டை ஈரமாக, குளிராக இருந்தது.

"கிளீன்" என்றேன்.

முதல் பக்கம் சரியாகப் போனது. நான் மூச்சு விட்டேன். மேர்டோ அரிந்த முகத்தில் கண்ணை வைத்து நீளத்துக்குப் பார்த்தான். தலையை ஆட்டினான். மரம் வளைகிறதாம், இழுவையைச் சமன் செய்ய அடுத்து எதிர்ப்பக்கத்தை அரிய வேண்டுமாம். நான் வாயைத் திறக்கமுன் கொக்கியைப் போட்டு ஒரே புரட்டு. முண்டு வாளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வாளுக்குப் பின்னால் பலகை வாங்க நின்றவன் குருமூர்த்தி. யாக்கோப்பு நின்ற அதே இடம். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றான்.

வண்டி நகர்ந்தது. ஆணிக்கு மூன்றடி. கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்த மாதிரி இருந்தது. என் பிள்ளை ஏழு மாதம் இருந்தது இப்படித்தானா என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு ஓடியது. இரண்டடி. குருமூர்த்தி கையை நீட்டிக் குனிந்தான். அவன் கழுத்து வாளுக்கு நேரே வந்தது.

குற்றி புரட்டக் கையில் வைத்திருந்த தடியை, தண்டவாளத்தில் உருண்ட வண்டிச் சில்லுக்குள் செருகினேன். வண்டி துள்ளி நின்றது. தடி முறிந்து என் முழங்காலில் அடித்தது. மேர்டோ பாய்ந்துபோய் ட்ரக்டரை நிறுத்தினான். வாள் சுற்றி அடங்க நெடுநேரம் எடுத்தது. ஆணிக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"விசரே உங்களுக்கு?" என்றான் குருமூர்த்தி.

"ஆணி" என்றேன். "நான் அடிச்ச ஆணி."

மேர்டோ உளி எடுத்துத் தோண்டினான். ஆணியைச் சுற்றி மரம் மை ஊற்றியது போல் நீலக் கறுப்பாக இருந்தது. ஓக்குக்குள் இரும்பு கிடந்தால் அப்படித்தான் ஆகுமாம். ஆணி வந்தது. மயிர் சுற்றினபடியே இருந்தது.

குருமூர்த்தி அதைப் பார்த்தான். வாளைப் பார்த்தான். தான் நின்ற இடத்தைப் பார்த்தான்.

"அண்ணை, உது ஆரின்ர தலைமயிர்?"

நான் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றான். நான் நம்பவில்லை. இன்றைக்கு எட்டு வருடம், ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் நம்பவில்லை.

மேர்டோ என் வலது கையைப் பிடித்து விரித்து, ஆணியை அதில் வைத்து மூடினான். மெதுவாக ஏதோ சொன்னான்.

"பொய் சொன்ன கை இனி வாளுக்குக் கிட்ட வரக்கூடாதாம்" என்றான் குருமூர்த்தி. "அவையின்ர ஊரில அதுதானாம் சட்டம்."

சரியான சட்டம்தான். நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பார்க் வாசலிலிருந்து எங்கள் கதவுக்கு நூறு அடி இராது. அவ்வளவு நீளமாக எந்த வழியும் நான் நடந்ததில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கப் பயம். உள்ளே போகவும் பயம்.

பாலாம்பிகை வேலைக்குப் போயிருந்தாள். குசினியில் அருள்மலர் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். முதுகு எனக்கு. கூப்பிட்டால் திரும்பாமல் விட்டாளென்றால்?

"பிள்ளை..."

திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை!"

"என்னப்பா, கத்துறியள்? காலில என்ன? கையில என்ன வைச்சிருக்கிறியள்?"

விரித்துக் காட்டினேன். மறைக்க இனிப் பலம் இல்லை. அவள் கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள்.

"என்ர தலைமயிர்தானே. அம்மா வெட்டேக்க நான் நித்திரையில்லை. நீங்கள் சுத்தியலோட போனதும் தெரியும்."

"தெரியுமோ?"

"ஜன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். விடியப்புறம் குளிருக்குள்ள, ஆரும் வருகினமோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்து அடிச்சனீங்கள். உங்களைப் பாக்கத்தான் எனக்குப் பயமாய்ப் போச்சு. நான் வாய் திறக்காட்டி இன்னும் என்ன செய்வியளோ எண்டுதான் உப்புக் காணாதெண்டு சொன்னனான்."

மேசையடிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

"சட்டனுக்குப் போனியள், ஆணி அடிச்சியள். என்ன நடந்ததெண்டு ஒரு நாள் என்னட்டைக் கேட்டனீங்களே?"

அவள் ஆணியை மேசையில் வைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். யாக்கோப்பைக் கண்டிருக்கிறேன், அந்த வாளுக்கு முன் நின்றிருக்கிறேன். அன்று அந்த மேசையில் பட்ட பயம் வேறு எங்கும் பட்டதில்லை. எழும்பிப் போயிருக்கலாம். காலில் அடி என்று சொல்லிப் படுத்திருக்கலாம்.

"என்ன பிள்ளை நடந்தது?" என்றேன்.

அருள்மலர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"பஸ்ஸில நாங்கள் முப்பத்திரண்டு பேர்" என்று தொடங்கினாள்.