காற்றோட்டம் வேண்டி

வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பரில், சிவஞானம் மீரானைக் கட்டிப்பிடிப்பார். மற்ற நாட்களில் அதற்கு அவசியம் இருக்கவில்லை. இருவருக்கும் அடுத்தடுத்த வீடு.

தேசிய ஒருமைப்பாட்டு வாரத்தின் நிறைவு விழாவில், பொது மேலாளர் முன்னிலையில், புகைப்படக்காரர் "ரெடி சார்" என்று சொன்னதும் நடக்கும் கட்டிப்பிடி அது. அதே ப்ளாக்கில் இருக்கும் ஜேம்ஸ் நடுவில் நின்று இரண்டு பேர் தோளிலும் கை போட்டுக்கொள்வார். கிறிஸ்தவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை அவ்வளவுதான். பிறகு, ப்ளாக் சங்கத்தின் செயலாளர், விழாவின் கன்வீனர் என்ற முறையில் சிவஞானம் பேசுவார். "எங்கள் டி ப்ளாக் ஒரு குட்டி பாரதம்" என்று தொடங்கும் அந்தப் பேச்சு எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது. முன்வரிசையில் பொது மேலாளர் கைக்கடிகாரத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது முடியும். சிறந்த ப்ளாக்குக்கான கேடயம் அநேகமாக டி ப்ளாக்குக்குத்தான். அது சிவஞானத்தின் வீட்டு அலமாரியில், அவருடைய மனைவி நீலா ஊறுகாய் ஜாடி வைக்க இடம் தேடும் இடத்தில், நின்றுகொண்டிருக்கும்.

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் அந்தப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் என்ன தயாரிக்கிறார்கள் என்பது ராணுவ ரகசியம். வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். சிவஞானம் அங்கே ஸ்டோர்ஸில் அதிகாரி. பிறந்த ஊர் பாளையங்கோட்டை. மீரான் மேலப்பாளையத்துக்காரர், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜ் ஷாப்பில் சார்ஜ்மேன், தொழிற்சாலை ஹாக்கி அணியில் ஃபுல்பேக். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால்; ஹைதராபாத்துக்கு வந்த பிறகு அதுவும் இல்லை. ஆரம்பத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியபோது மீரானுக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கம் எச் ப்ளாக்கில்தான் கிடைப்பதாக இருந்தது. அங்கிருந்து பள்ளிவாசல் கூப்பிடு தூரம். ஆனால் அந்த ப்ளாக் முழுக்க உருது. அவர் வாயைத் திறந்தால் "க்யா மதராசி" என்று சிரித்தார்கள். "தொழுகைக்கு நடந்து போயிக்கிடலாம் அண்ணாச்சி. பேச்சுத் துணைக்கு எங்க நடக்க?" என்று சொல்லி டி ப்ளாக்குக்கு வந்துவிட்டார். அவருடைய மனைவி ஜுலைகாவும் நீலாவும் ஒரே ஆட்டுரலில் மாறி மாறி மாவரைத்தார்கள். ஒரு வீட்டில் காஸ் தீர்ந்தால் அடுத்த வீட்டு சிலிண்டர் உருண்டு வரும். இதற்கெல்லாம் யாரும் கேடயம் கொடுக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் செப்டம்பரில், விநாயகர் ஊர்வலம் நடந்த சமயத்தில், பழைய நகரத்தில் கலவரம் வந்தது. சாலிபண்டா பக்கம் கத்திக்குத்து என்றார்கள். ஊரடங்கு போட்டார்கள். ஷிஃப்ட் பஸ் மட்டும் கண்ணாடிக்கு வலை மாட்டிக்கொண்டு ஓடியது. காலனிக்குள் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத இடத்தில்தான் வதந்திக்கு வசதி. தண்ணீர்த் தொட்டியில் விஷம், பால் வண்டியில் விஷம், சுற்றுச்சுவருக்கு அப்பால் முஸ்லிம்கள் குடியிருக்கும் பஸ்தியிலிருந்து ஐந்நூறு பேர் கிளம்பிவிட்டார்கள். அந்த ஐந்நூறு பேர் ஒரு வாரமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள்.

சிவஞானத்துக்கு இது பிறவிப்பயன். அவசரக் கூட்டம் போட்டார். ஒவ்வொரு இரவும் நான்கு பேர் ப்ளாக்கைச் சுற்றி வர வேண்டும் என்று தீர்மானம். ஹைதராபாத்தில் அதற்குப் பெயர் கஸ்தி. யாருக்கு எந்த இரவு என்று எழுதி மாடிப்படிக்குக் கீழே ஒட்டினார். முதல் இரவுக்கு மீரான் பெயரையும் போட்டார். "இதுதான்யா ஒருமைப்பாடு" என்று தானே சொல்லிக்கொண்டார்.

மீரான் வந்தார். மற்றவர்கள் கொடிக்கம்பு, கிரிக்கெட் ஸ்டம்ப், கொசுவலைக் கம்பி என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர் கையில் மட்டும் முறையான ஆயுதம்: ஹாக்கி மட்டை. கைப்பிடியில் துணி சுற்றி, எத்தனையோ ஆட்டம் பார்த்த மட்டை. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. மறுநாளும் தன் முறை இல்லாமலேயே வந்து நின்றார்.

மூன்றாம் நாள் காலை கணக்குப் பிரிவு ராமசுவாமி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து சிவஞானத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மீரான் தங்கமான மனுஷர் சார். நான் அவரைச் சொல்லல."

"பின்னே யாரைச் சொல்றீங்க?"

"யாரையும் சொல்லல. ஆனா பாருங்க, ராத்திரி பூரா நிக்கணும். தூக்கம் வராம இருக்க நாலு வார்த்தை பேசணும். அவர் பக்கத்துல இருந்தா மனசு விட்டுப் பேச முடியல சார்."

அவர்கள் மனசு விட்டுப் பேசினால் என்ன வரும் என்பது சிவஞானத்துக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில்தான் அவருடைய செயலாளர் பதவி நின்றது. மேலும் இரண்டு பேர் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குள் அந்த விஷயம் அவர் மனதில் மீரானுக்குச் செய்யும் உதவியாக உருமாறிவிட்டது. சாயங்காலம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வே மீரான், நீரு இன்னைலேருந்து கஸ்திக்கு வர வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி?"

"ஷாப்ல நெருப்புப் பக்கத்துல நிக்கிற உடம்பு. ராத்திரி முழிப்பு ஆகாதுல்லா. நீரு நிம்மதியாத் தூங்கும். நாங்க பாத்துக்கிடுதோம்."

பெரிய நன்மை செய்த களைப்போடு திரும்பிய சிவஞானத்துக்கு இரண்டு அடி வைத்த பிறகு ஒரு யோசனை வந்தது.

"அந்த ஸ்டிக்கை மட்டும் குடும்வே. ராமசுவாமி கையில கொசுவலைக் கம்பிதான் இருக்கு."

மீரான் உள்ளே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. மட்டையைத் துடைத்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்ததும் நீலா கேட்டாள். "அது யாரு ஸ்டிக்கு?"

சிவஞானம் சொன்னார். நீலா அடுப்பை அணைத்தாள்.

"அவரை வர வேண்டாம்னுட்டு அவர் ஸ்டிக்கையும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கிய."

"அவருக்கு நல்லதுக்குத்தான்..."

"சாப்பாடு மூடி வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்க."

ஊரடங்கு தளர்ந்ததும் காலனியில் புதிதாக ஒரு காய்ச்சல் பரவியது. அதன் பெயர் மியூச்சுவல். ஒரே தரத்து வீட்டில் இருக்கும் இரண்டு ஊழியர்கள் சம்மதித்தால் குவார்ட்டர்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு. மாடியில் தண்ணீர் ஏறவில்லை, வாசல் தெற்குப் பார்க்கிறது என்று எப்போதாவது யாராவது மாற்றுவார்கள். அந்த அக்டோபரில் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. டி, இ ப்ளாக்குகளில் இருந்த முஸ்லிம்கள் எச்சுக்கு. எச் ப்ளாக்கில் இருந்த இந்துக்கள் இந்தப் பக்கத்துக்கு. ஒருவரை ஒருவர் மிரட்டவில்லை, ஒரு கல் விழவில்லை. சாமான் ஏற்ற எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் காரணம் என்று கேட்ட இடத்தில் யாரோ முதலில் "காற்றோட்டம் வேண்டி" என்று எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்களும் அதையே எழுதினார்கள். அந்த மாதம் காலனி முழுக்க மூச்சு முட்டியிருக்கிறது.

சிவஞானம் மார் தட்டினார். "எவன் வேணா போகட்டும். டி ப்ளாக்ல என் பக்கத்து வீடு அசையாது." ஜுலைகா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நீலா வந்து சொன்ன பிறகுதான் அசைந்துவிட்டது தெரிந்தது.

ஓடினார். உள்ளே பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே மீரான் உட்கார்ந்து மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்ல வரணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி."

"உம்ம மேல இங்க யாராவது கை வச்சானா? ஒரு சொல் சொன்னானா? பேரைச் சொல்லும், நான் பாக்கேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன? எச் ப்ளாக்ல உம்ம உருதைக் கேட்டுச் சிரிக்கானுவன்னு நீருதான சொன்னீரு?"

"சிரிப்பானுவ. சிரிச்சா என்ன, காதுல விழுந்துட்டுப் போகுது." மீரான் துணியை மடித்தார். "மொத நாள் நான் நின்னேம்லா. பஸ்தியிலேருந்து வாரான்னு சொன்னிய. வாரவன் யாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். பெறவு வேண்டாம்னுட்டிய. ராத்திரி படுத்திருக்கேன், வெளிய செருப்புச் சத்தம் கேக்குது. உங்க சத்தம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி, வலது கால் இழுக்கும். நீங்க என்னைக் காக்கியளா, என்கிட்டேருந்து காக்கியளான்னு தெரியாம முழிச்சுக் கிடந்தேன். ஒரு வாரம். ஷாப்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். நெருப்புப் பக்கத்துல."

சிவஞானத்திடம் இதற்குப் பேச்சு இருந்தது. குட்டி பாரதம் தொண்டை வரை வந்தது. மேடை இல்லாததால் திரும்பிப் போய்விட்டது.

சமையலறையில் ஜுலைகாவும் நீலாவும் சத்தமில்லாமல் ஒரு சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "மதினி, ஆட்டுரலை நீங்களே வச்சுக்கிடுங்க. அங்க ஆட்டுனா யாரு வந்து மாவு அள்ளப்போறா?" என்றாள் ஜுலைகா. நீலா சணல் கயிற்றை இழுத்து முடிந்தாள், பிறகு அதை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

மீரான் வீட்டுக்கு எச் ப்ளாக்கிலிருந்து சந்திரமோகன் வந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்தில் ஓட்டுவார். சாமான் இறங்கிய சாயங்காலமே சிவஞானத்திடம் வந்து நின்றார்.

"சார், இங்க கஸ்தில எனக்கு எந்த நாள்?"

"இப்பத்தான வந்திருக்கீங்க. மெதுவா..."

"நக்கோ சார், இன்னைக்கே போடுங்க. அங்க என் பேரை எடுத்துட்டாங்க. 'ஆப் ஆராம் கரோ, நீங்க ரெஸ்ட் எடுங்க, நாங்க இருக்கோம்'னாங்க. காலையில பால்கூட வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாங்க சார். நல்ல மனுஷங்க." சந்திரமோகன் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கப்புறம்தான் பயம் வந்திச்சு."

நவம்பர் வந்தது. ஊரடங்கு போய் வெகு நாளாகியும் கஸ்தி மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. ஒருமைப்பாட்டு வாரத்துக்கு முன்னால் பொது மேலாளர் அலுவலகத்திலிருந்து சிவஞானத்துக்கு ஃபோன் வந்தது. இந்த வருஷமும் மூன்று குடும்பங்களும் மேடைக்கு வர வேண்டும். கலவரத்துக்குப் பிறகு வரும் விழா, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் தயாராக இருந்தார். நடுவில் நிற்பவருக்கு எப்போதும் சிரமமில்லை.

கதவுக்குப் பின்னால் ஹாக்கி மட்டை சாய்ந்திருந்தது. மீரான் போன நாளிலிருந்து நீலா அந்த மூலையை மட்டும் பெருக்கவில்லை.

"இதைக் குடுத்துட்டு வாரேன்" என்றார் சிவஞானம்.

"குடுக்கத்தான் போறியளா, விழாவுக்குக் கூப்பிடவா?"

அவர் செருப்பை மாட்டினார். "நீயும் வாயேன்" என்றார் வாசலில் நின்று.

"ஜுலைகா முகத்தை நான் எப்படிப் பாக்க?"

விளக்கு வைக்கும் நேரம். மைதானத்தைத் தாண்டும்போதுதான் தன் கோலம் அவருக்கே உறைத்தது. இருட்டுகிற நேரத்தில், டி ப்ளாக் பக்கமிருந்து, கையில் ஹாக்கி மட்டையோடு ஒருவன் எச் ப்ளாக்கை நோக்கி நடந்து வருகிறான். மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது இன்னும் மோசம். முன்னால் கொண்டுவருவதற்குள், எச் ப்ளாக் கஸ்திக்கு உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கோன் ஜீ? ஸ்டிக் கைக்கு?" யார், மட்டை எதற்கு என்று கேட்டார்கள்.

செயலாளர், கன்வீனர், ஸ்டோர்ஸ் அதிகாரி, இவற்றில் எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நக்கோ, நக்கோ. ஹமாரே அண்ணாச்சி."

'எங்க அண்ணாச்சி' என்று சொன்ன அந்த உருதுக்கு யாரோ சிரித்தார்கள். மீரான் முன்னால் வந்தார். அவர் கையில் மடித்த குடை.

"இன்னைக்கு எனக்கு முறை" என்றார். "ஸ்டிக் இல்லையா, குடையோட நிக்கேன். மழைக்கு நிக்கேன்னு கேலி பண்ணுதானுவ."

சிவஞானம் மட்டையை நீட்டினார். மீரான் அதை ஒரு கையால் வாங்கி, கைப்பிடித் துணியை விரலால் தடவிப் பார்த்தார். ஜுலைகா வாசலுக்கு வந்து, "மதினி வரலையா?" என்று கேட்டாள்.

"கால் வலி அவளுக்கு."

"ஆட்டுரல்ல ஒத்தையில ஆட்டுனா வலிக்கத்தான் செய்யும்" என்றாள் ஜுலைகா. டீ போட உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை.

சிவஞானம் தொண்டையைச் செருமினார். "விழா வருதுவே."

"வாரேன் அண்ணாச்சி. வந்து கட்டிப்பிடிக்கணும், அவ்வளவுதான?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சிவஞானம் சமாதானம் சொல்லியிருப்பார். மீரான் ஷிஃப்ட் மாற்றச் சம்மதிப்பவர் போலச் சொன்னார்.

"வேண்டாம்வே" என்றார் சிவஞானம். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை அவரிடம் முன்பும் ஒரு தடவை சொல்லியிருப்பது நினைவு வந்தது.

டீ குடித்ததும் மீரான் கூடவே கிளம்பினார். "தனியாப் போக வேண்டாம். நான் கொண்டு விடுதேன்." மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். மைதானத்தின் நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தடியில் மீரான் நின்றார்.

"இதுக்கு மேல நான் வரல அண்ணாச்சி. அங்க இன்னைக்கு யாருக்கு முறைன்னு எனக்குத் தெரியாது."

சிவஞானம் தலையாட்டிவிட்டு நடந்தார். வலது கால் இழுத்தது. இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. டி ப்ளாக்கை நெருங்கும்போது முகத்தில் டார்ச் அடித்தது.

"யாரு அது? எந்த ப்ளாக்?" சந்திரமோகனின் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

அவர் பெயரைச் சொன்னார். வீட்டு எண்ணைச் சொன்னார். டார்ச் இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது, விளக்குக் கம்பத்தடியில் மீரான் இன்னும் நின்றுகொண்டிருந்தார். டார்ச் இறங்கியதைப் பார்த்துவிட்டு, மட்டையைத் தரையில் ஊன்றியபடி, எச் ப்ளாக்கை நோக்கி நடக்கத் தொடங்கினார்.