பத்து கிலோமீட்டர்

ஆணியைப் பிடுங்கக் கூடாது என்று பஞ்சர் பெட்டியின் மூடியில் எழுதியிருந்தது. பிடுங்கு என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

“பிடுங்கினா மிச்சக் காத்தும் போயிடும்பா. மருந்து உள்ள போயி ஆணியைச் சுத்தி உறையணுமாம்,” என்றாள் ஓனாலென்னா. சரளைச் சாலையின் ஓரத்தில் முழங்காலிட்டு, முன் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி நடுப்பட்டையில்தான் ஏறியிருந்தது. பக்கவாட்டில் கிழிசல் இல்லை. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இந்தப் பெட்டியால் ஒன்றும் ஆகாது.

“டயருக்கு மருந்தா? நீ வண்டி வாங்கினியா, நோயாளிய வாங்கினியா?”

“ஜப்பான்லேருந்து வரும்போதே ஸ்பேர் டயர் கிடையாது. இந்தப் பெட்டிதான்.”

அப்பா மொலெஃபி பின்சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். அவர் பார்க்க வேண்டுமென்று கேட்டதால் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் இதே சாலையில் கிரேடர் ஓட்டிச் சரளையைச் சமன் செய்தவர். மார்பில் தொடங்கிய நோய் இப்போது ஈரலுக்கும் இறங்கிவிட்டது. காலையில் டாக்டரம்மா ஓனாவை வராந்தாவுக்கு அழைத்து, இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று, என்றார். திரும்பி வார்டுக்குள் போனபோது அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “வீட்டுக்குப் போலாம்,” என்றார். ஆஸ்பத்திரி வண்டி மறுநாள்தான் கிடைக்கும். அவள் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது. டயர் இறங்கியதும் முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் செய்திருந்தாள்.

“அங்கேயே இரு, ஓனா. பக்கத்து வீட்டு லாரியைக் கேட்டு எடுத்துட்டு வரேன். ரெண்டு மணி நேரம்.”

“ரெண்டு மணி நேரம் இந்த வெயில்ல அவர் தாங்க மாட்டாரு, கோஃபா. நானே பாத்துக்கறேன்.”

“நீ என்னத்தைப் பாப்பே?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

பெட்டியிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்ததும் கை நின்றது.

“என்ன?”

“போன மாசத்தோட தேதி முடிஞ்சிடுச்சுப்பா.”

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அடங்கியதும் சொன்னார், “எனக்கும்தான் முடிஞ்சிடுச்சு. ஓடலயா? ஊத்து.”

பாட்டிலைப் பெட்டியிலிருந்த காற்றடிக்கும் இயந்திரத்தின் தலையில் திருகினாள். டயரின் வால்வு மூடியைக் கழற்றிப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, குழாயைப் பொருத்தினாள்.

“வால்வுல மண்ணு போகாம பாரு.”

“ம்.”

“இந்த ரோட்டுல கல்லு குத்தினா என்னைத் திட்டு. ஆணிக்கு நான் பொறுப்பில்ல.”

இஞ்சினை ஓடவிட்டு, வயரை வண்டியின் முன்பக்க லைட்டர் துளையில் செருகி, பொத்தானை அழுத்தினாள். மாவு மில்லைப் போல அது இரையத் தொடங்கியது. குழாயில் பால் நிறத் திரவம் நெளிந்து ஓடியது. காற்றழுத்தம் காட்டும் முள் ஒரேயடியாக எண்பதுக்குத் தாவியது. பயந்துபோய், பெட்டியோடு வந்த விளக்கத் தாளைப் பார்த்தாள். முதல் அரை நிமிடம் அப்படித்தான் காட்டும் என்று போட்டிருந்தது. பிறகு முள் விழுந்தது, பத்துக்கும் கீழே. அங்கேயே நின்றது.

அப்பா ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், இருங்கள் என்று கையைக் காட்டினாள்.

பன்னிரண்டு. பதினைந்து. ஆணியின் ஓரத்தில் வெள்ளையாக நுரைத்தது, பிறகு நுரை நின்றது. ஏறு, ஏறு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இருபது. இருபத்தாறு. தட்டையாகக் கிடந்த டயர் மெல்ல வண்டியைத் தூக்கியது. முப்பத்திரண்டைத் தொட எட்டு நிமிடம் ஆனது.

பொத்தானை அணைத்து, மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஏறிடுச்சுப்பா. என்ன சொன்னீங்க?”

அவர் கண் திறந்திருந்தது, சாலையைப் பார்த்தபடி. ஒரு கை சீட்டிலிருந்து தொங்கியது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். மூக்கின் அருகே கன்னத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். வெகுநேரம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

உடனே ஓட்ட வேண்டும். தாளில் தடித்த எழுத்தில் இருந்தது அது. நின்றால் மருந்து ஒரே இடத்தில் தேங்கி இறுகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, காற்றைப் பார்க்க வேண்டும்.

அவர் கண்களை மூடிவிட்டாள். தொங்கிய கையை எடுத்து மார்பின் மேல் வைத்து, போர்வையை அதன்மேல் செருகினாள். கதவை அறையாமல், இடுப்பால் அழுத்திச் சாத்தினாள். குழாயைக் கழற்றி, வால்வு மூடியைத் திருகி, எல்லாவற்றையும் முன்சீட்டில் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வேகம் எண்பதுக்கு மேல் போகவில்லை. மணல் சேர்ந்த இடங்களில் வேகத்தைக் குறைத்து, குலுங்காமல் இறக்கி ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம் என்று ஒரு தடவை நினைத்தாள். திரும்பினால் அவர் குளிர்பெட்டிக்குள் போவார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தினாள். குழாயைப் பொருத்திப் பார்த்தாள். முப்பத்தொன்று. நின்றிருந்தது. மூடியைத் திருக மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

போன் அடித்தது.

“ஓனா, டயர் என்னாச்சு?”

“சரியாயிடுச்சு. வந்துட்டிருக்கேன்.”

“அப்பா?”

“கூடத்தான் வர்றாரு.”

வீட்டு முற்றத்தில் வண்டி நுழைந்தபோது கோஃபா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவரைக் கிடத்த உள்ளே மெத்தை போட்டிருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அப்பாவின் தங்கை, இரண்டு கையாலும் ஒரு தகரக் குவளையை ஏந்திக்கொண்டு வண்டியை நோக்கி வந்தாள்.

“இஞ்சித் தண்ணி. அண்ணனுக்குத் தொண்டை காஞ்சிருக்கும். சூடு ஆத்தித்தான் கொண்டாந்திருக்கேன்.”

ஓனா இறங்கி, பின்கதவை மறைத்தாற்போல நின்றாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ஓனா குவளையை வாங்கி, நின்ற இடத்திலேயே, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள்.