கரண்டிப் பிடியின் மூன்று திருத்தங்கள்

மார்ச் நான்காம் தேதி, பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றின் வரைபடப் பிரிவில், இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்த ஒருத்தி கரண்டிப் பிடி ஒன்றை வரைந்து முடித்தாள். விட்டம் இருபத்தெட்டு மில்லிமீட்டர்.

அது ஆலை வேலை அல்ல. தொழில்துறை வடிவமைப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தாங்களே உருவாக்கிய பொருள் ஒன்றைக் காட்ட வேண்டும். பயிற்சியில் அவள் வரைந்த வால்வுகளும் மூடிகளும் ஆலைக்குச் சொந்தம்.

வீட்டில் அண்ணன் இருந்தான். பேருந்து ஓட்டியவன். தசைகள் கரையும் நோய் வந்து ஸ்டியரிங்கை விட்டு எட்டு மாதம். இப்போது கரண்டியும் நழுவத் தொடங்கியிருந்தது. தன் கையால் சாப்பிடுவதை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

விட்டம் அளக்கும் வெர்னியரோடு அவள் அவன் கையைப் பிடித்தபோது சொன்னான்:

"தையக்காரன்கூட ஒரு தடவதான்டி அளப்பான்."

"கைய ஆட்டாதண்ணா."

"நான் எங்க ஆட்டறேன். அதுவா ஆடுது."

பட்டறையில் நைலானில் கடைந்து வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவன் விரல்கள் முழுதாக மூட மறுத்தன. பிடி கைக்குள் சுழன்று கரண்டி கவிழ்ந்தது. பிரிவுத் தலைவர் துண்டை வாங்கி வரைபடத்தோடு ஒப்பிட்டார்.

"படத்துல தப்பில்லம்மா. கை மாறிடுச்சு."

முப்பத்திரண்டாகத் திருத்தினாள். அது வருவதற்குள் முப்பத்தெட்டு தேவைப்பட்டது. மூன்றாம் திருத்தத்தில் உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை சேர்த்தாள். அதை மாட்டிக்கொண்டு அண்ணன் நான்கு நாள் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் தோள் எழவில்லை.

"பிடி அருமையா இருக்குடி. வாய்க்குத்தான் பஸ் போகல."

"முழங்கைக்கு ஒரு தாங்கி வரையறேன். ரெண்டு வாரம் பொறு."

"விடு. ரெண்டு வாரத்துல உடம்பு இன்னொண்ணு கேக்கும்." கரண்டியைக் கண்ணால் காட்டினான். "நீயே குடு. ஆறிடப் போகுது."

அவள் ஊட்டினாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

மே இறுதியில் நேர்காணல். தேர்வாளர் வரைபடத்தின் ஓரத்தில் இருந்த தேதிகளைப் பார்த்தார்.

"ரெண்டரை மாசத்துல மூணு திருத்தமா? ஏன்?"

"அண்ணன் கை மாறிட்டே இருந்தது சார்."

"இப்ப அவர் இதுல சாப்பிடறாரா?"

"இல்ல சார்."

அவளுக்கு இடம் கிடைத்தது. ஜூன் பதினேழாம் தேதி வேறு ஊரில் வகுப்பு தொடங்கியது. அண்ணனுக்கு அம்மா ஊட்டுகிறாள். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.