முனிலட்சுமியின் ஏழாவது வரி

"ரெண்டு பேர்ல யாரு யாரப் பாத்து எழுதினீங்க?"

ஒன்பதாம் வகுப்பில் சரோஜம்மாள் டீச்சர் இதை முதலில் என்னிடம்தான் கேட்டார். அரைப் பரீட்சையில் என் தமிழ்க் கட்டுரையும் முனிலட்சுமியின் கட்டுரையும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரிடமும் வாய் திறக்காத பெண் என்று பள்ளிக்கே தெரியும். அதனால் அந்த மௌனத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. டீச்சரே முடிவு செய்துவிட்டார்.

"வீட்ல கன்னடம் பேசற பொண்ணுக்கு இவ்ளோ நல்ல தமிழ் எங்கிருந்து வரும்?"

முனிலட்சுமி பத்து நாள் வகுப்புக்கு வெளியே நின்றாள். பார்த்து எழுதியவள் நான்.

அடுத்த வருஷம் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் பெங்களூரில் பி.ஏ. முடித்தாள். போன செவ்வாய்க்கிழமை ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பென்சிலால் எழுதிய இரண்டு தாள்கள். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றிய விவரங்களையும் அனுப்ப வேண்டுமாம்.

"உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்டி. எடுத்து எழுதிக் குடு. டைப் அடிக்கற நாராயணப்பன்கிட்ட போனா சந்தைக்கே படிச்சுக் காட்டிடுவான்."

எழுதினேன். பெயர், பிறந்த தேதி, தேறிய பரீட்சைகள். ஏழாவது வரியில் பேனா நின்றது. பள்ளியில் பெற்ற தண்டனை: தேர்வில் பிறரைப் பார்த்து எழுதியதற்காக.

"இத விட்டுடலாமே" என்றேன்.

"நடத்தைச் சான்றிதழ்லயே போட்டிருக்காங்க. மறைச்சா இன்னும் மோசம். வக்கீலுக்குப் படிக்கப் போறவ பொய்யிலயா தொடங்கறது?" சிரித்தாள். "இதப் பாத்துட்டு வேணாம்னுட்டா அவ்ளோதான். எங்கப்பா ஆனேக்கல்ல மாப்ள பாத்து வெச்சிருக்காரு."

பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "அதுக்குக் கீழ நீ ஏதாச்சும் எழுதணுமாடி? உன் பேர்ல?"

யார் பார்த்து எழுதியது என்று அன்றே அவளுக்குத் தெரியும். 'பார்த்து எழுதியவள் நான்' என்று ஒரு வரி, அடியில் என் கையெழுத்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பெட்டியடியில் ஒளித்துவைக்கும் நோட்டுகளில் அந்த வரியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காவேரிப்பட்டினத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை வாத்தியார். ஆனால் அது, அந்த வரியை எழுதாமல் விட்டதற்குப் பிறகு நான் தேடிப் பிடித்த காரணம். அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

"இல்ல" என்றேன்.

ஏழாவது வரியை எழுதி முடித்தேன். மற்ற வரிகளைவிட அழகாகவே வந்தது. மை உலரும்வரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்தாள்.

அம்மா காபி கொண்டுவந்தாள். முனிலட்சுமி தம்ளரை வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.