இடப்பக்கம் திறந்தபோது

பந்தை எறிபவன் வீழ்த்தப்பட்டால், தவறு அவனைக் காத்து முன்னால் வரிசையாக நிற்கும் ஐவரில் ஒருவனுடையது. அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இதை எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் ஆட்டத்தின் காணொளியை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் பக்தவத்சலம் "யாரு?" என்று கேட்பார். வரிசைக்காரர்களில் ஒருவனுடைய கை உயரும். "மேரா, சார்" என்று ஒரு குரல் தன்னுடையதாக அதை ஒப்புக்கொள்ளும். எறிபவன் சந்தீப்பின் முகத்தை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

வரிசையின் இடது ஓரம் குமரவேலுடையது. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பட்டறை ஊழியர்களின் உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்கி வளர்ந்தவன். குண்டு எறிதலுக்காகக் கல்லூரியில் சேர்ந்தவனைப் பக்தவத்சலம் இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவந்தபோது எண்பத்தேழு கிலோ. மூன்றாண்டுகளில் நூற்றுப் பதினெட்டு. எடை, அம்மா புஷ்பா நாள்தோறும் அவித்துப் போட்ட முட்டைகளால் வந்தது. ஆட்டம் கிரியால் வந்தது. வரிசையில் அவனுக்கு அடுத்து நின்றவன் கிரி. தாழ்ந்து நிற்பதையும், எதிராளியின் கண்ணை நம்பாமல் இடுப்பைப் பார்ப்பதையும் இருவரும் மாலைதோறும் தோளோடு தோள் மோதியே கற்றார்கள்.

ஒவ்வொரு முறையும் வரிசை எந்தப் பக்கம் நகர்ந்து தடுக்க வேண்டுமென்று சந்தீப் கத்துவான். பாதி நேரம் தவறாகவே கத்துவான். குமரவேல் அதை மீறி, ஆபத்து வரும் பக்கத்தை அடைப்பான். பந்து பறக்கும், மைதானம் சந்தீப்பின் பெயரைக் கூவும். சென்ற ஆண்டு இறுதிப் போட்டியில் குமரவேல் வேறொருவனோடு மல்லுக்கு நின்றான், சந்தீப் கத்திய சொல்லைக் கேட்டுக் கிரி வலப்பக்கம் போனான், இடப்பக்கம் திறந்தது. சந்தீப் வீழ்ந்தான், கோப்பையும் போயிற்று. திங்களன்று கிரி கையை உயர்த்தினான், அணியிலிருந்து நீக்கப்பட்டான். சந்தீப் அவன் முதுகில் தட்டி, "டென்ஷன் நக்கோ ரே, கவலப்படாத. எல்லாருக்கும் இந்த கேம் வராது" என்றான். கிரி படிப்பையும் விட்டுவிட்டுப் பட்டான்செருவில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறான். அந்தத் தட்டலைக் குமரவேல் எட்டு மாதம் தன் முதுகில் சுமந்தான்.

தென்மண்டல அணிக்கு இக்கல்லூரியிலிருந்து இருவர் என்று இவ்வாண்டு பேச்சு. ஒருவன் சந்தீப், மற்றவன் குமரவேல். திங்களன்று பக்தவத்சலம் பெயர்களை அனுப்ப வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை கடைசி ஆட்டம்.

"ரைட், ரைட்" என்று சந்தீப் கத்தினான். இடது ஓரத்தில் ஒருவன் குதிகாலைத் தூக்கியபடி பாயக் காத்திருந்ததைக் குமரவேல் பார்த்தான். வழக்கம்போல் அவனை அடைத்திருக்கலாம். ஆனால் அன்று கீழ்ப்படிந்தான். நல்ல பிள்ளையாக வலப்பக்கம் போனான். முதுகுக்குப் பின்னே காலடிகள் விரைந்தன. பிறகு சந்தீப்பின் நெஞ்சிலிருந்து காற்று மொத்தமாக வெளியேறும் ஓசை. திரும்பிப் பார்க்காமலேயே அதைக் குமரவேல் கடைசித் துளிவரை ருசித்தான்.

திங்கட்கிழமை காணொளி அதே இடத்தில் நின்றது.

"யாருடா?"

கை எதுவும் எழவில்லை. முழங்கையில் கட்டோடு குமரவேலுக்குப் பின்னால் அமர்ந்திருந்த சந்தீப் குனிந்து முணுமுணுத்தான்: "சொல்லிடு ரே. லிஸ்ட் இன்னிக்குப் போவுது. எதுக்கு வம்பு?"

"உன் பக்கந்தானடா, குமரா?" என்றார் பக்தவத்சலம். "கையத் தூக்கு, முடிச்சிட்டுப் போலாம். எனக்கு வேற வேல இருக்கு."

குமரவேல் எழுந்தான். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன.

"என்னுது இல்ல சார். சந்தீப்புது. ரைட்னான், ரைட் போனேன். ஆள் வர்றதப் பாத்தேன். பாத்துட்டேதான் போனேன். ஃபைனல்லயும் இவந்தான் தப்பா கத்தினான், கிரி மேல ஒரு தப்பும் இல்ல. இதுக்கு என் பேர அடிக்கணும்னா அடிச்சுக்குங்க சார்."